உள்ளே காலி

டெல்பினுக்கு ஒரு கிட்டார் வேண்டும், அதுவும் உள்ளே காலியாக இருக்கிற எலெக்ட்ரிக் கிட்டார் வேண்டும், அதுவும் மூன்று ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும், அதுவும் கையில் இருக்கிற இருபதாயிரத்துக்குள் வேண்டும் என்று அவள் ஓட்டேரி மாதா கோயிலில் முட்டி போட்டு வேண்டிக்கொண்டபோது, இதில் எந்த வேண்டுதலை முதலில் எடுப்பது என்று மாதாவுக்கே கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்கும். பன்னிரண்டு வருஷமாக அவள் தணிகாசலத்தின் மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்தாள். வாசித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். கிட்டார்காரனுக்குக் காய்ச்சல் என்றால் அவள், கிட்டார்காரனுக்குக் கல்யாணம் என்றால் அவள், கிட்டார்காரன் கோபித்துக்கொண்டு போனால் அவன் கோபம் ஆறுகிறவரை அவள். பகலில் பல் டாக்டர் ஒருவரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை, சாயங்காலத்தில் இரவல் கிட்டார், இப்படியே முப்பத்தாறு வயதாகிவிட்டது. கல்யாண மண்டபங்களில் அவளுக்கென்று போட்ட நாற்காலி என்று ஒன்று இருந்ததே இல்லை.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், கல்யாணக் கச்சேரிகள் இல்லாமல் கை நமநமத்துக்கொண்டிருந்த தணிகாசலம், அறுபதுகளில் வந்த பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு பெரிய கச்சேரி செய்வது என்று முடிவு செய்தார். அன்றிலிருந்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு ஆயிரத்து இருநூறு பேர் உட்காரும் மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டு, கீபோர்டு மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு குழுவிடம் சொன்னார்.

"இந்தக் கட்டை கிட்டார வச்சுக்கிட்டு அந்தக் காலத்துப் பாட்டு வாசிச்சா, பட்டு வேட்டி கட்டிக்கிட்டு ஸ்போர்ட்ஸ் ஷூ போட்ட மாதிரி இருக்கு. உள்ள காலியா இருக்கும் பாரு, வயலின் மாதிரி ரெண்டு பக்கமும் வளைஞ்ச தொள போட்டு, அந்த கிட்டார்தான் வேணும். யாரு கொண்டு வராங்களோ அவங்கதான் இனிமே நம்ம பார்ட்டிக்கு நிரந்தரம். அது என் மச்சான் வேதகிரியா இருந்தாலும் சரி, டெல்பினா இருந்தாலும் சரி."

அதுவரை குழுவில் கிட்டார் வாசித்துவந்த மச்சான் வேதகிரி அன்றைக்கே சிங்கப்பூரில் இருக்கிற சிநேகிதனுக்கு போன் போட்டு, ஒரு ஸ்கூட்டர் வாங்குகிற விலைக்கு ஒன்று சொல்லிவிட்டான். டெல்பின் மறுநாள் டாக்டரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு, மவுண்ட் ரோடு சந்து ஒன்றில் இருந்த ரவூஃப் பாயின் இசைக்கருவிக் கடைக்கு, பஸ் நிற்பதற்கு முன்னாலேயே குதித்து இறங்கி ஓடினாள்.

ரவூஃப் பாய் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முதலாவது பார்க்க லட்சணமாக இருந்தது, ஆனால் வயிற்றில் விரலால் தட்டிப் பார்த்ததும் 'டொக்' என்றது. நடுவில் நீளமாக ஒரு மரக்கட்டையை வைத்து அடைத்திருந்தார்கள், ஓரங்கள் மட்டும்தான் காலி. இரண்டாவது முழுக்கக் காலி, மடியில் வைத்தால் எடையே தெரியவில்லை, ஆனால் அவள் அதைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்து வழியாகப் பார்த்தபோது கழுத்து வாழைமட்டை மாதிரி வளைந்திருந்தது. கம்பிகளுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு பென்சிலை விட்டு எடுக்கலாம் என்கிற அளவுக்கு இடைவெளி, அதில் அரைமணி நேரம் வாசித்தால் விரல் தேறாது. மூன்றாவது கழுத்தும் நேர், வயிறும் காலி, ஆனால் சுருதி கூட்டி முடிப்பதற்குள் முதல் கம்பி இறங்கிவிட்டது. அதைக் கூட்டினால் மூன்றாவது இறங்கியது. டெல்பின் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பாய்க்குப் பின்னால் கண்ணாடி ஓரமாகத் தொங்கிய, நாவல்பழ நிறத்தில் பளபளத்த நாலாவது கிட்டாரைக் கை காட்டினாள்.

"அது எதுக்கும்மா உனக்கு," என்று பாய் இழுத்தார்.

அதற்குள் அவள் அதை இறக்கி மடியில் வைத்துவிட்டாள். கழுத்து நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. கம்பிகள் விரலுக்குப் பக்கத்தில் தாழ்ந்து படுத்திருந்தன. சுருதி சொன்ன இடத்தில் நின்றது. உள்ளே மரக்கட்டை இருக்கிறதா என்று பார்க்க அவள் வயிற்றில் விரலால் இரண்டு தட்டு தட்டினாள்.

"யாரு?" என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"டெல்பின்," என்றாள் டெல்பின். கதவைத் தட்டினவள் பெயர் சொல்வதுதானே முறை.

ரவூஃப் பாய் பெருமூச்சு விட்டு நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் அந்த கிட்டாரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என்ன பாய் எடையே இல்லை, டூப்ளிகேட்டா என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை வாங்கியதால், ஒரு அட்டையில் பெரிதாக 'உள்ளே காலி' என்று எழுதி அதன் கழுத்தில் மாட்டிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் கடை முழுக்கப் பால் பொங்குகிற வாசனை. கிட்டாரின் துளை வழியாக ஒரு கை நீண்டு, குன்றிமணி அளவு தம்ளரில் பால் கொடுத்து, "இன்னிக்குத்தாங்க குடி வந்தோம், எடுத்துக்கங்க," என்று சொல்லியிருக்கிறது. சென்னைப் பட்டணத்தில் 'காலி' என்று போர்டு தொங்கினால் அதற்கு வேறு என்ன அர்த்தம்? பால் காய்ச்சிக் குடி வந்துவிட்டவர்களை வெளியே போ என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டு ஆட்கள் அந்தத் துளைக்குள் எப்படி நுழைந்தார்கள் என்று கேட்கிறவர்கள், சென்னையில் வீடு தேடி அலையாத புண்ணியவான்கள். பரிதி என்று அவன் பெயரைச் சொல்கிறவரை வீட்டுக்காரர்கள் சிரித்த முகமாக இருந்தார்கள், சபீனா என்று அவள் பெயரைச் சொன்னதும் வீடு நேற்றே முடிந்துவிட்டது என்றார்கள். ஒரு வீட்டில் கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் ஊர் எது, ஊரில் எந்தத் தெரு என்று கேட்டார்கள், ஒரு வீட்டில் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு, பிள்ளைத்துணி துவைத்தால் மோட்டார் தாங்காது என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவர்கள் கொஞ்சம் கூனினார்கள், கொஞ்சம் குறுகினார்கள், அடுத்த வாசலில் இன்னும் கொஞ்சம் கூனி இன்னும் கொஞ்சம் குறுகினார்கள், இப்படியே முப்பத்தெட்டாவது வாசலிலிருந்து திரும்பும்போது இரண்டு பேரும் சுண்டு விரல் உயரத்துக்கு வந்திருந்தார்கள். பரிதி காலையில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலைக்குப் போகும்போது ஆள் அளவுக்கு நிமிர்ந்துதான் போவான். சாயங்காலம் திரும்பி வந்து, அந்த முப்பத்தெட்டு பேர் முகத்தையும் வரிசையாக நினைத்துக்கொண்டால் போதும், வீட்டுக்குள் நுழைகிற அளவுக்கு வந்துவிடுவான்.

"புதுசு முப்பத்தஞ்சாயிரம்," என்றார் பாய். "ஆனா குடித்தனம் இருக்கிற வீட்ட யாரும்மா முழு விலைக்கு வாங்குறான்? பதினெட்டு குடு. ஒரே ஒரு கண்டிஷன், அவங்கள நீ கெளப்பக் கூடாது."

டெல்பினுக்கு அப்படியே எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. நாற்காலி தன்னுடையது, தணிகாசலத்தின் நிரந்தர நாற்காலி தன்னுடையது என்று உள்ளுக்குள் மேளம் கொட்டியது. அவள் குனிந்து, துளையில் வாயை வைத்து, "நான் வாங்கிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள்.

உள்ளே கொஞ்ச நேரம் கிசுகிசுவென்று பேச்சு நடந்தது, பரிதிக்கு அன்றைக்கு லீவு. பிறகு சபீனா துளை ஓரத்தில் முகம் காட்டினாள். வட்ட முகம், எட்டாவது மாசம் முடியப்போகிற வயிறு. "வாங்கிக்கங்கக்கா. ஆனா ரொம்ப சத்தமா வாசிப்பீங்களா?"

அதையும் அங்கேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பாய் ஆம்ப்ளிஃபயரை மாட்டிவிட, டெல்பின் வாசிக்க, சபீனா உள்ளேயிருந்து சொல்ல, வால்யூம் இரண்டில் ஒன்றும் தெரியவில்லை, மூன்றில் தம்ளர் லேசாக நடுங்கியது, நாலில் தண்ணீர்ப் பானை சலசலத்தது, ஐந்தில் அலமாரியிலிருந்து சாமான்கள் எல்லாம் விழுந்து வயிற்றுப் பிள்ளை உதைத்தது. "நாலு, அதுக்கு மேல வேணாங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள் சபீனா. டெல்பின் கழுத்தில் தொங்கிய சிலுவையைத் தொட்டு, நாலுக்கு மேல் ஒரு இழைகூடப் போகாது என்று சத்தியம் செய்தாள். சந்தோஷத்தில் இருக்கிறவர்கள் சத்தியம் செய்ய யோசிப்பதில்லை.

ஓட்டேரிக்கு அவள் கிட்டாரோடு வந்து இறங்கியதும் முதலில் மூக்கை நுழைத்தவர் அவளுடைய வீட்டுக்காரர் கோதண்டம். கிட்டாரைச் சுற்றி வந்து, துளையில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒரு போர்ஷனுக்கு ஒரு குடும்பம்னுதானே பேச்சு, இது உள்வாடகை விடுறதாச்சே?" என்று கொதித்தார். ஆனால் அவர் மனைவி செண்பகவல்லி அடுத்த துளையில் கண்ணை வைத்து, மூலையில் அடுக்கியிருந்த பாத்திரங்களின் பளபளப்பைப் பார்த்துவிட்டு, "வாய மூடுங்க, புள்ளத்தாச்சிப் பொண்ணு," என்று சொன்னதோடு விஷயம் முடிந்தது. தண்ணீர் லாரி வரும் நாளில் கிட்டாருக்கு ஒரு சொம்பு என்று தெருவே பேசி வைத்துக்கொண்டது. பால்காரர் பாக்கெட்டைக் கத்தரித்து ஒரு சொட்டு மட்டும் துளையில் விட்டுப் போனார். தபால்காரர் மூன்றாம் நாளே முகவரியைச் சரியாக எழுதக் கற்றுக்கொண்டார்: டெல்பின் வீடு, கிட்டார், வலப்பக்கத் துளை. கொசு ஒழிப்புக்கு வருகிற மாநகராட்சி அம்மா ஒருத்தி டார்ச் அடித்து உள்ளே பார்த்து, பானையை மூடி வைக்கவில்லை என்று சபீனாவைக் கண்டித்து, கிட்டாரின் முதுகில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனாள். வாக்காளர் பட்டியலுக்கு வந்த வாத்தியார் ஒருத்தர்தான் கொஞ்சம் திகைத்தார், அதுவும் கிட்டாரைப் பார்த்து அல்ல, படிவத்தில் மாடியா கீழ்த்தளமா என்று கேட்டிருந்த இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல்.

டெல்பினுக்குத்தான் தன்னை நினைத்தால் வெட்கமாக இருந்தது. பிறந்ததிலிருந்து வாடகை வீடு. வீட்டுக்காரர்களின் சட்டதிட்டங்களைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள். ஆனால் இரண்டாம் நாள் காலையில் உள்ளே 'டக் டக்' என்று ஏதோ சத்தம் கேட்டதும் அவள் வாயிலிருந்து வந்தது சாட்சாத் கோதண்டத்தின் குரல்.

"யாரும்மா அது, செவுத்துல ஆணி அடிக்கிறது? ஆணி அடிக்கக் கூடாதுன்னு தெரியாது?"

"இல்லக்கா, இஞ்சி தட்டுறேன். சத்தம் கேக்குதா? இனிமே கொறச்சுத் தட்டுறேன்," என்று சபீனா பயந்து சொன்னாள்.

அதுதான் அவளிடம் டெல்பினுக்கு மனசு கேட்காத விஷயம். அந்தப் பெண் எதையும் சத்தமாகச் செய்ய மாட்டாள். இருந்த வீடுகளில் மிக்ஸி போடாதே, கதவை இழுக்காதே, சிரிக்கிற சத்தம் மாடிக்குக் கேட்கிறது என்று சொல்லிச் சொல்லி, அவள் தும்மலைக்கூடத் துப்பட்டாவில் முடிந்து வைத்துக்கொள்வாள். பரிதியும் அவளும் சண்டை போட்டால்கூட ரகசியம் பேசுகிற மாதிரிதான் இருக்கும். ஒன்பதாம் மாசத்தில் தெருப் பெண்கள் எல்லாம் சேர்ந்து வளைகாப்பு செய்தார்கள். எந்த வளையலும் அவள் கைக்கு ஆகாததால், கிட்டாரின் சுருதி கூட்டுகிற குமிழ்கள் ஆறிலும் கண்ணாடி வளையல்களை மாட்டி, கழுத்துக்குச் சந்தனம் பூசி, ஐந்து வகைச் சாதத்தில் ஐந்து பருக்கைகளைத் துளை வழியாக ஊட்டினார்கள். சபீனா அழுதாள், அதுவும் ஓசைப்படாமல். பரிதி மட்டும் அன்றைக்கு வீட்டுக்குள் நுழைய அரைமணி நேரம் ஆயிற்று. தெருவில் எல்லோரும் அவனை மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று கூப்பிட்டு இலை போட்டு உபசரித்த பிறகு, முப்பத்தெட்டு முகங்களை நினைத்தும் அவனால் லேசில் குறுக முடியவில்லை.

ஒத்திகைக்கு வேதகிரியும் தன் சிங்கப்பூர் கிட்டாரோடு வந்தான். விலைக்கேற்ற அழகு; ஆனால் வயிறு நிஜமாகவே காலி என்பதால், வால்யூமைக் கூட்டின உடனே ஸ்பீக்கரின் சத்தம் போய் அந்தக் காலி வயிற்றில் புகுந்து, அங்கே சுற்றி, திரும்ப ஸ்பீக்கர் வழியாக வந்து, மண்டபமே ஊளையிட்டது. டெல்பினின் கிட்டாரில் ஊளை என்ற பேச்சே இல்லை. பாயும் தலையணையும் துணிமணியும் அரிசிப் பையும் உள்ளே இருந்து வேண்டாத அதிர்வை எல்லாம் வாங்கிக்கொண்டதால், சுரம் ஒவ்வொன்றும் உருண்டு திரண்டு வெண்ணெய் மாதிரி வந்தது. தணிகாசலம் கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்ததும் முகம் சுருங்கியது.

"டெல்பினு, உன்னுது அழகா பேசுது, ஆனா கேக்கல. அவனுது கேக்குது, ஆனா ஊளையிடுது. நான் என்னதான் பண்றது? கொஞ்சம் ஏத்தேன்."

"நாலுக்கு மேல ஏத்த முடியாது மாஸ்டர். வீட்டுல ஆள் இருக்காங்க."

"மத்த பாட்டெல்லாம் போவட்டும். கடைசிப் பாட்டுல கிட்டார் தனியா வருது பாரு, அது கடைசி வரிசைக்கு உறைக்கணும். ஏழுல வை. வைக்க முடியாதுன்னா அந்த எடத்துல வேதகிரி ஏறிடுவான், அப்புறம் அவன்தான் நிரந்தரம். என்னைக் கொற சொல்லக் கூடாது."

அந்த ஒரு வாரம் டெல்பின் சரியாகச் சாப்பிடவில்லை. பன்னிரண்டு வருஷம் காத்திருந்த நாற்காலிக்கும் அவளுக்கும் நடுவில் மூன்றே மூன்று கோடுகள், நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் உள்ள கோடுகள். கச்சேரி அன்றைக்கு மட்டும் செண்பகவல்லி வீட்டில் வந்து இரு என்று சபீனாவைக் கேட்டுப் பார்த்தாள். சபீனாவும் வெளியே வந்து நிமிர எவ்வளவோ முயற்சி செய்தாள், ஆனால் ஒன்பது மாச வயிற்றோடு அவளால் முட்டங்கால் உயரத்துக்குக்கூட எழும்ப முடியவில்லை. "நான் உள்ளயே இருக்கேங்கக்கா. நாலுன்னா தாங்கிப்பேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஓட்டேரித் தெரு முழுக்க மூன்று வரிசைகளைப் பிடித்து உட்கார்ந்திருந்தது. முதல் பாட்டிலேயே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இரண்டாவது பாட்டில் வழுக்கைத் தலைகள் ஆடத் தொடங்கின. ஐந்தாவது பாட்டில் கோதண்டம் எழுந்து நின்று விசிலடிக்க, செண்பகவல்லி வேட்டியைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். டெல்பின் நாலில் வைத்து வாசித்தாள். முன்வரிசைகளுக்கு மட்டும் கேட்டது. ஆனால் அவள் விரல்கள் தரையில் நடக்காமல் காற்றில் நடந்தன, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று அவள் கிட்டாரையும், இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று கிட்டார் அவளையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. மேடை ஓரத்தில் வேதகிரி கிட்டாரை மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். தனி வாசிப்பு வர இன்னும் எட்டுத் தாளச் சுற்று இருந்தபோது தணிகாசலம் ஏழு விரல்களைக் காட்டினார். டெல்பினின் கை வால்யூம் குமிழுக்குப் போனது. போய், அங்கேயே நின்றது. பிறகு அவள் கையை எடுத்துக்கொண்டு தணிகாசலத்தைப் பார்த்து முடியாது என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலில் பன்னிரண்டு வருஷம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. வேதகிரி மேடையில் ஒரு காலை எடுத்து வைத்தான்.

"அக்கா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஏத்துங்கக்கா."

டெல்பின் குனிந்தாள். "என்னம்மா?"

"வலி எடுத்துருச்சுக்கா. மத்தியானத்துலருந்து பல்லக் கடிச்சிட்டு இருக்கேன், இனிமே முடியாது. எனக்குக் கத்தணும். இத்தனை பேரு நடுவுல எப்பிடிக் கத்துறது? நீங்க ஏத்துங்க, அந்தச் சத்தத்துக்குள்ள நான் கத்திக்கறேன். நாலெல்லாம் பத்தாதுக்கா."

டெல்பின் ஏழில் வைக்கவில்லை. ஒரே திருகில் பத்தில் வைத்தாள். வைத்து, ஆறு கம்பிகளையும் ஒன்றாக இழுத்து அடித்தாள்; அந்த நொடியில் சபீனா கத்தினாள். கம்பிகளுக்குக் கீழே பதித்திருக்கிற கிட்டாரின் காந்தத்துக்குக் கம்பி அதிர்வதுதான் தெரியும், மனிதக் குரல் கேட்காது என்று சொல்வார்கள்; அது விலை கூடின கிட்டார்களுக்கு. மலிவு கிட்டாரின் காந்தத்துக்கு எல்லாம் கேட்கும். சபீனாவின் கத்தல் எட்டு ஸ்பீக்கர்களிலும் புறப்பட்டு, கம்பியின் சுரத்தோடு பின்னிக்கொண்டு, கடைசி வரிசையைத் தாண்டி, கதவைத் தாண்டி, ரோட்டில் போன பஸ்ஸின் கண்டக்டரை விசில் ஊத வைத்தது. கல்யாணமான நாளிலிருந்து போடாத சத்தம், போடாத சண்டையின் சத்தம், சிரிக்காத சிரிப்பின் சத்தம், போகாத மிக்ஸியின் சத்தம், எல்லாம் சேர்ந்து வந்தது. கூட்டம் அதை ஏதோ புது வாசிப்பு என்று நினைத்து எழுந்து நின்று கைதட்டியது.

"பிரசவம்!" என்று செண்பகவல்லி போட்ட கூச்சலில்தான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது.

மேடைப் பக்கம் நின்ற பரிதி பாய்ந்து வந்து கிட்டார் முன்னால் மண்டியிட்டான், கண்ணை இறுக்க மூடி அந்த முப்பத்தெட்டு பேரையும் நினைத்தான், திரும்பத் திரும்ப நினைத்தான், இடுப்பு உயரத்துக்குக் கீழே அவனால் குறுக முடியவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு டாக்டரம்மா ஓடி வந்தார். ஆனால் சொந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால், துளையில் விரலுக்கு மேல் போகவில்லை. அப்போது ஏழாவது வரிசையிலிருந்து, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒல்லியாக ஒரு பெண் மேடைக்கு ஏறினாள்.

"நான் பிரசவ வார்டு நர்ஸுங்க, பேரு கலைமதி. வழி விடுங்க. தனியா இருக்கிற பொண்ணுக்கு வீடு இல்லன்னு இன்னிக்கு மத்தியானம்கூட மூணு எடத்துல சொல்லிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே நடந்தவள், கிட்டாரை நெருங்க நெருங்கச் சிறுத்து, டாக்டரம்மாவின் உள்ளங்கையில் ஏறி, வலப்பக்கத் துளை வழியாக உள்ளே போய்விட்டாள்.

"யாரும் நிறுத்தாதீங்க!" என்று தணிகாசலம் கத்தினார். அந்தப் பெண் கத்துகிறவரை வாத்தியம் நிற்கக் கூடாது, அவள் தனியாகக் கத்துகிற மாதிரி விட்டுவிடக் கூடாது என்று அவருக்கும் தோன்றிவிட்டது. முடிய வேண்டிய பாட்டை அவர் இடையிசைக்குத் திருப்பினார், இடையிசை முடிந்ததும் மறுபடி இடையிசை, அது முடிந்ததும் மறுபடி. ஊளையிட்டாலும் பரவாயில்லை நீயும் வா என்று அவர் கூப்பிட, வேதகிரியும் வந்து வாசித்தான், அவன் கிட்டார் ஊளையிட்டது, டெல்பினின் கிட்டார் அலறியது, தபேலாக்காரர் விரல் தெறிக்க அடித்தார், ஆயிரத்து இருநூறு பேரும் தாளம் போட்டார்கள், டாக்டரம்மா ஒரு துளையில் வாயை வைத்து "முக்கும்மா, முக்கு!" என்று கத்த, அந்த முக்கும்மாவும் எட்டு ஸ்பீக்கர்களிலும் போக, மண்டபமே "முக்கும்மா!" என்று திருப்பிச் சொன்னது. பதினோராவது தடவை இடையிசை சுற்றி வந்தபோது, சபீனா எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு சத்தம் போட்டாள். அதோடு நிறுத்தினாள்.

தணிகாசலம் கையை உயர்த்தினார். எல்லா வாத்தியங்களும் நின்றன. டெல்பினின் கம்பிகள் மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தன.

"பொண்ணு," என்றாள் கலைமதி, உள்ளேயிருந்து.

பிறகு குழந்தை அழுதது. சுண்டு விரலில் பாதிகூட இல்லாத பிள்ளை. ஆனால் அதன் அழுகை, ஊரில் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்தப் பெரிய வீட்டுப் பிள்ளை அழுத அழுகையைவிடவும் ஒரு இம்மிகூடக் குறையவில்லை. வால்யூம் பத்தில் அது மண்டபத்தை நிறைத்தது, கூரையில் முட்டியது, நாற்காலிகளின் இரும்புக் கால்களை அதிரச் செய்தது. பரிதி மேடையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். வேதகிரி தன் கிட்டாரைக் கழற்றினான். தணிகாசலம், ஓரத்தில் கிடந்த நாற்காலியைத் தானே தூக்கி வந்து டெல்பினுக்குப் பின்னால் போட்டு, உட்காரு என்று தோளைத் தட்டினார்.

அவள் உட்கார்ந்தாள். அப்போது சபீனாவின் குரல், அத்தனை ஸ்பீக்கர்களிலும் போகிறது என்று தெரியாமல், பழக்க தோஷத்தில் மெதுவாக, பயந்து பயந்து கேட்டது. "அக்கா, சத்தம் ரொம்ப அதிகமா இருக்கா? புள்ள வாயப் பொத்தட்டுமா?"

ஆயிரத்து இருநூறு பேரும் டெல்பினைப் பார்த்தார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் வாடகைக்கு இருப்பவர்கள். டெல்பின் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கிட்டார் பக்கம் குனிந்து, கோதண்டத்துக்கே கேட்கிற மாதிரி கடுகடுவென்று சொன்னாள்.

"இத பாரு, நீ மட்டும் பொத்தினேன்னு வை, இன்னிக்கே வீட்ட காலி பண்ணச் சொல்லிடுவேன்."

சொல்லிவிட்டு, ரீங்கரித்துக்கொண்டிருந்த ஆறு கம்பிகளையும் உள்ளங்கையால் அமுக்கினாள், பிள்ளையின் சத்தம் மட்டும் கேட்கட்டும் என்று.